அமைலேஸ் இலக்கத்தைப் பார்த்துச் சதையி அழற்சி நோயாளியை மேலே அனுப்பலாமா?

முத்தையன்கட்டு | 08.01.2025, இரவு 9.10

எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் ஊறிப்போய்க் கிடக்கிறது. மேல்வயிற்று நோவோடு வருபவருக்கு இரத்தத்தில் அமைலேஸ் (சதையி சுரக்கும் நொதி) 1500ஐத் தாண்டினால் உடனே அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. 400, 500 என்றால் லேசான சதையி அழற்சி என்று சொல்லி விடுதியிலேயே வைத்துக்கொள்வது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. நொதி கூடுதலாகக் கசிந்தால் சதையி (கணையம்) கூடுதலாகப் பழுதாகியிருக்கிறது என்றுதானே பொருள்?

முல்லைத்தீவின் உட்பக்கத்திலிருந்து ஒருவரை ஏ-35இல் பரந்தன் வழியாகவோ ஏ-34இல் மாங்குளம் வழியாகவோ அனுப்புவது சின்ன வேலை இல்லை. இருக்கிற ஒரு அம்புலன்சும் போய்விட்டால் அடுத்தவருக்கு என்ன செய்வது? அதனால்தான் கேட்கிறேன்: யார் மோசமாவார், யார் தேறுவார் என்று முதல் நாளே சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனை வேறு உண்டா? புரோகல்சிற்றோனின், ஐ.எல்-6 என்றெல்லாம் பேசுகிறார்கள்.

இரணைமடு | 08.01.2025, இரவு 10.35

டொக்டர், அந்த வழக்கத்தை விடத்தான் வேண்டும். அமைலேஸ் நோயைக் கண்டுபிடிக்க உதவும், கடுமையைச் சொல்லாது. 3000 உள்ளவர் மூன்றாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். 350 உள்ளவர் அதே நாள் மூச்செடுக்க முடியாமல் கிடப்பார்.

காரணம் எளிது. அமைலேஸ் நோவு தொடங்கி 6 முதல் 12 மணிக்குள் ஏறும். அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 10 மணி, ஆகவே 3 முதல் 5 நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். நோவோடு இரண்டு நாள் வீட்டில் கிடந்து, கடைக்காரர் தந்த குளிசையைப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் வருபவரின் இலக்கம் இறங்கியிருப்பதற்குக் காரணம் நேரம்தான். நோய் இறங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. பல வருடமாகக் குடிப்பவரின் சதையியில் சுரப்பதற்கே அதிகம் மிச்சம் இராது, அவருக்கு ஏறுவதே குறைவு. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் மிகக் கூடியிருந்தால் பரிசோதனையே குழம்பி அமைலேஸ் சாதாரணமாகவும் வரலாம். நீங்கள் விடுதியில் வைத்துக்கொள்ளும் அந்த 400காரர்களில்தான் ஆபத்தானவர்கள் ஒளிந்திருப்பார்கள்.

சரியான நோவு, அமைலேஸ் அல்லது லைப்பேஸ் (சதையியின் இன்னொரு நொதி) மேல் எல்லையின் 3 மடங்கு, ஸ்கானில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. அதோடு அமைலேஸின் வேலை முடிந்தது.

இரணைமடு | 08.01.2025, இரவு 11.20

எதை முன்கூட்டிச் சொல்லப் பார்க்கிறோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டின்படி, உறுப்புச் செயலிழப்பு 48 மணிக்கு மேல் நீடித்தால்தான் 'கடுமையானது'. 48 மணிக்குள் மீண்டால், அல்லது சதையியைச் சுற்றி நீர்த்தேக்கமோ அழுகலோ மட்டும் இருந்தால் 'நடுத்தரக் கடுமை'. இரண்டும் இல்லையென்றால் லேசானது. பார்க்கும் உறுப்புகள் மூன்று: நுரையீரல், சிறுநீரகம், இதயமும் இரத்த ஓட்டமும். கிரியற்றினின் 170 மைக்ரோமோல்/லீ அல்லது அதற்கு மேல் என்றால் சிறுநீரகம் விழுந்த கணக்கு. சேலைன் கொடுத்தும் மேல் அழுத்தம் 90க்குக் கீழேயே நின்றால் இரத்த ஓட்டம் விழுந்த கணக்கு.

இந்த வரையறைப்படி முதல் நாளில் யாரையும் 'கடுமை' என்று முடிவுகட்ட முடியாது. ஊகிக்கலாம், அவ்வளவுதான். அந்த ஊகத்துக்கு உதவுபவை நாங்கள் தினமும் அனுப்பும் மலிவான பரிசோதனைகள்: பி.சீ.வி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, வீதத்தில்), யூரியா, கிரியற்றினின். ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. வந்த நேரத்திலும், 12 மணியிலும், 24 மணியிலும் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வவுனிக்குளம் | 09.01.2025, காலை 6.05

24 மணி, 48 மணி எண்டு சொல்றது நோவு தொடங்கின நேரத்தில இருந்தா, விடுதிக்கு வந்த நேரத்தில இருந்தா? இதை எழுதாமல் விட்டால் எங்கட ஆக்கள் வந்த நேரத்தைத்தான் பிடிப்பினம்.

இரணைமடு | 09.01.2025, காலை 7.15

நல்ல கேள்வி, மிஸ். சீ.ஆர்.பிக்கு (அழற்சியில் ஏறும் இரத்தப் புரதம், அதைப் பற்றிப் பிறகு) நோவு தொடங்கிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். யூரியாவிலும் பி.சீ.வியிலும் வந்த நேரத்து அளவையும் அதற்குப் பின் 24 மணியில் எடுத்த அளவையும் ஒப்பிடுகிறோம், ஏனென்றால் சேலைன் ஏறத் தொடங்குவது அப்போதுதான். இரண்டு நேரத்தையும் கட்டில் தலைமாட்டுத் தாளில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

வவுனிக்குளம் | 09.01.2025, காலை 7.40

நோவு எப்ப தொடங்கினது எண்டு கேட்டால் 'நேற்று' எண்டுதான் பதில் வரும். கடைசியாய் வயிறு நிறையச் சாப்பிட்டது எந்தச் சாப்பாடு, முதல் சத்தி எப்ப எண்டு கேளுங்கோ. அறுவடைக் காலத்தில வயலில நிண்ட ஆக்கள் நேரத்தை அப்பிடித்தான் சரியாய்ச் சொல்லுவினம்.

இரணைமடு | 09.01.2025, இரவு 8.50

பி.சீ.வி பற்றி விரிவாக.

சதையி அழன்றதும் இரத்தக் குழாயின் சுவர் கசியத் தொடங்குகிறது. நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் பின்புறத் திசுக்களுக்குள்ளும் போய்விட, சிவப்பணுக்கள் செறிவாகி இரத்தம் தடிக்கிறது. தடித்த இரத்தம் சதையியின் நுண்குழாய்களில் ஓடாது, ஓட்டம் நின்ற இடம் அழுகும். வந்த நேரத்தில் 44 வீதமோ அதற்கு மேலோ இருந்து, 24 மணியில் இறங்காமல் நின்றால் அழுகலுக்கும் உறுப்புச் செயலிழப்புக்கும் வாய்ப்புக் கூட.

இதன் மறுபக்கம்தான் உங்களுக்குக் கூடுதலாக உதவும். ஜெர்மனியில் லங்கிஷ் குழுவினர் 2009இல் மூன்றே விசயங்களைப் பார்த்தார்கள்: வயிற்றை அமுக்கி விடும்போது நோவோ இறுக்கமோ இல்லை, பி.சீ.வி ஆண்களுக்கு 43.0க்கும் பெண்களுக்கு 39.6க்கும் மேலே போகவில்லை, கிரியற்றினின் 2 மி.கி/டெ.லீக்குக் கீழே (177 மைக்ரோமோல்/லீ). மூன்றும் சரியாக இருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே ஆபத்தில்லாமல் தேறினார்கள். வந்து அரை மணிக்குள் கிடைக்கும் தகவல் இது. இப்படிப்பட்டவரை நீங்கள் உங்கள் இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம், அமைலேஸ் 2500 ஆக இருந்தாலும்.

பாவற்குளம் | 09.01.2025, இரவு 10.10

ஆய்வுகூடப் பக்கத்திலிருந்து. பி.சீ.வி என்று ஒரே பெயரில் இரண்டு வேறு அளவுகள் ஓடுகின்றன. எவ்.பி.சீ (முழு இரத்த எண்ணிக்கை) மெசின் தருவது கணக்கிட்ட அளவு: சிவப்பணு எண்ணிக்கையைச் சராசரிப் பருமனால் பெருக்கி வருவது. விடுதியில் மயிர்த்துளைக் குழாயில் சுற்றி எடுப்பது நேரடி அளவு. சுற்றும்போது அணுக்களுக்கிடையில் கொஞ்சம் பிளாஸ்மா சிக்கிக்கொள்வதால் இது மெசினைவிட 1 முதல் 3 வரை கூடுதலாக வரும். காலையில் மெசினில் 43, மாலையில் விடுதியில் 45 என்றால் ஏறியதாக அர்த்தம் இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரே முறையை வைத்துத் தொடருங்கள். முறை மாறினால் பக்கத்தில் 'மெசின்' அல்லது 'சுற்றியது' என்று எழுதுங்கள்.

விடுதியில் சுற்றுவதில் நடக்கும் பிழைகள்: விரலில் குத்தி நேரே எடுப்பதானால் ஹெப்பரின் பூசிய சிவப்புக் கோட்டுக் குழாய், ஊதா மூடி ரியூப்பிலிருந்து (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளது) எடுப்பதானால் பூசாத நீலக் கோட்டுக் குழாய். முக்கால்வாசி நிரப்பி ஒரு முனையைக் களியில் குத்தி நேராக அடையுங்கள். அடைத்த முனை வெளிப்பக்கம், றப்பரோடு முட்ட வேண்டும். எதிர்ப்பள்ளத்தில் இன்னொரு குழாய் வைத்துச் சமன் செய்து, நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்றில் 5 நிமிடம். களி சரியாக அடைபடாவிட்டால் சிவப்பணுக்கள் ஒழுகிப் பி.சீ.வி குறைவாக வரும். சுற்றி முடிந்ததும் றப்பரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்தக் குழாயை எறிந்துவிடுங்கள். சிவப்புக்கு மேலே உள்ள வெள்ளைப் பட்டையைச் சேர்த்து வாசித்தால் கூடுதலாக வரும். சதையி அழற்சியில் வெள்ளணுக்கள் ஏறியிருப்பதால் அந்தப் பட்டை தடிப்பாக இருக்கும், கண் ஏமாறும். சுற்றி முடிந்து பத்து நிமிடத்துக்குள் வாசியுங்கள். கிடையாகக் கிடந்தால் எல்லைக்கோடு சரிந்துவிடும்.

ஊதா ரியூப்பில் அரை மில்லி மட்டும் விட்டு அனுப்புவதும் பிழை. மருந்து கூடி அணுக்கள் சுருங்கும், சுற்றிய பி.சீ.வி இறங்கிக் காட்டும்.

வவுனிக்குளம் | 10.01.2025, காலை 5.50

சேலைன் ஏறுற கையில இரத்தம் எடுக்கிறதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. கனூலாவுக்கு மேல குத்தி எடுத்தால் பி.சீ.வி 32 எண்டு வரும், நல்லாய் இறங்கிட்டுது எண்டு டொக்டர்மார் சந்தோசப்படுவினம். மற்றக் கை. மற்றக் கையில நரம்பே கிடைக்காட்டில் சேலைனை நிப்பாட்டி, சில நிமிசம் பொறுத்து, கனூலாவுக்குக் கீழ எடுக்க வேணும். இறுக்கிக் கட்டின பட்டியைக் கனநேரம் விட்டாலும் இரத்தம் செறிஞ்சு பி.சீ.வியும் கல்சியமும் ஏறிக் காட்டும். ஒரு நிமிசத்துக்கு மேல வேண்டாம்.

முத்தையன்கட்டு | 10.01.2025, மதியம் 1.30

இந்த மாரியில் பி.சீ.வி ஏறினால் எல்லோரும் முதலில் டெங்கு என்றுதான் நினைக்கிறார்கள். டெங்குக்காரருக்கும் மேல்வயிறு நோகும், சத்தி வரும்.

இரணைமடு | 10.01.2025, இரவு 9.25

டெங்கே சில வேளை சதையியை அழற்றும் என்பதால் குழப்பம் இன்னும் கூட. ஆனாலும் எவ்.பி.சீ தாளிலேயே வழி இருக்கிறது. டெங்கில் வெள்ளணுக்கள் இறங்கும், பிளேற்லெற் இறங்கும், கசிவு தொடங்குவது காய்ச்சல் விடும் தறுவாயில். சதையி அழற்சியில் முதல் நாளே வெள்ளணுக்கள் 12,000, 15,000 என்று ஏறியிருக்கும், நோவுதான் முதலில் வரும், காய்ச்சல் பிறகு. சந்தேகமென்றால் காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்-1 (டெங்குப் பரிசோதனை) பாருங்கள்.

எலிக்காய்ச்சலை மறக்க வேண்டாம். வயல் சேற்றில் நின்றவர், கண் சிவப்பு, கெண்டைக்கால் நோவு, மஞ்சள், பிளேற்லெற் குறைவு, கிரியற்றினின் ஏற்றம். சிறுநீரகம் விழுந்தாலே அமைலேஸ் வெளியேறாமல் தேங்கி இரண்டு மூன்று மடங்காகும். அதை வைத்துச் சதையி என்று முடிவெடுத்து அன்ரிபயோற்றிக் கொடுக்காமல் விட்டால் ஆள் போய்விடும்.

பூச்சிமருந்து குடித்தவர்களிலும் அமைலேஸ் ஏறும். எச்சில் சுரப்பியிலிருந்து வரும் அமைலேஸும் அதில் கலந்திருக்கும். அங்கே லைப்பேஸ் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

பாவற்குளம் | 11.01.2025, மாலை 6.40

யூரியாவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டுத் தாள்களில் வருவது யூரியா நைதரசன், எங்கள் ரிப்போட்டில் வருவது முழு யூரியா. இரண்டுக்கும் மி.கி/டெ.லீ என்றே அலகு போடுவதால் யாரும் கவனிப்பதில்லை. நைதரசன் அளவை 2.14ஆல் பெருக்கினால் யூரியா.

அதாவது அவர்கள் 20 என்று எழுதும் எல்லை எங்கள் தாளில் 43 மி.கி/டெ.லீ, மில்லிமோலில் தரும் ஆய்வுகூடத்தில் 7.1. அவர்களின் 25 எங்களுக்கு 54, மில்லிமோலில் 8.9. யூரியா 26 உள்ள ஒருவரைப் பார்த்து '25ஐத் தாண்டிவிட்டது' என்று புள்ளி போட்டால் சுகதேகியையும் அம்புலன்சில் ஏற்றிவிடுவோம்.

இரணைமடு | 11.01.2025, இரவு 9.00

இதைச் சுவரில் எழுதி ஒட்டலாம். நான் பி.சீ.வியைவிட யூரியாவையே கூடுதலாக நம்புகிறேன். வந்த நேரத்தில் அந்த 43க்கு மேலே இருப்பதும், 24 மணியில் முன்னையதைவிட ஏறுவதும் மரண ஆபத்தோடு சேர்ந்து போவதாக 2009இலும் 2011இலும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ஏற்றம் என்பதுதான் முக்கியம். கசிப்புக் குடித்துச் சரியாகச் சாப்பிடாத ஒருவரின் யூரியா 14இல் தொடங்கும். மறுநாள் 32. ரிப்போட்டில் சிவப்பு மையே இராது, ஆனால் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார்.

பிசாப் என்ற புள்ளிமுறையும் யூரியாவில்தான் தொடங்குகிறது: யூரியா நைதரசன் 25க்கு மேல், மனத்தெளிவு குறைவு, உடல்முழு அழற்சி அறிகுறிகள் நான்கில் (உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், வெள்ளணு) இரண்டு, வயது 60க்கு மேல், நுரையீரலைச் சுற்றி நீர். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி, 3 வந்தால் அனுப்புங்கள். ரான்சன் 1974இல் தந்த 11 அளவுகோல் 48 மணி கழிந்துதான் முழுமையாகும். சிறிய இடத்தில் அதற்காகக் காத்திருக்க முடியாது. கிளாஸ்கோ என்ற புள்ளிமுறையும் அப்படியே. கிளாஸ்கோவில் யூரியா எல்லை 16 மில்லிமோல் என்பதை மட்டும் பிசாப்போடு கலக்க வேண்டாம்.

முத்தையன்கட்டு | 12.01.2025, காலை 8.15

வவுனியா, செட்டிகுளம் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்காரர் நிறைய. அவர்களுக்கு எந்தக் கிரியற்றினினைப் பிடிப்பது?

இரணைமடு | 12.01.2025, மதியம் 12.50

பழைய கிளினிக் கொப்பியை. வீட்டுக்காரரை அனுப்பியாவது எடுப்பியுங்கள். வழமையாகவே 190 உள்ளவருக்கு 195 வந்தால் 170ஐத் தாண்டியதாகக் கணக்கில்லை. 190 இலிருந்து 280 என்றால் கணக்கு. அட்லாண்டாவும் இவர்களுக்கு அடிப்படையிலிருந்து எவ்வளவு கெட்டது என்பதையே பார்க்கச் சொல்கிறது. அந்த நோய் உள்ளவர்களுக்கு இரத்தசோகையும் இருக்கும். வழமையாக 28 உள்ளவருக்குப் பி.சீ.வி 37 என்பது பயங்கரச் செறிவு, 44ஐ எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள்.

முன்பு எழுதிய 44 பற்றி இதோடு ஒரு திருத்தம். அது எல்லோருக்கும் ஒரே கோடு அல்ல. பெண்களுக்கு 40ஐ நெருங்கும்போதே கவனம் வேண்டும். கொப்பி இல்லாத இடத்தில் 24 மணியில் இறங்கவில்லை என்பதையே பெரிதாக எடுங்கள்.

பாவற்குளம் | 12.01.2025, இரவு 7.30

இரத்தத்தில் மஞ்சள் (பிலிருபின்) கூடியிருந்தால் ஜாஃபே முறையில் (நிறமாற்றத்தை வைத்து அளப்பது) கிரியற்றினின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். பித்தக்கல் அடைத்து வருபவர்களில் கவனம். கீற்றோன் இருந்தால் கூடுதலாகக் காட்டும்.

முத்தையன்கட்டு | 13.01.2025, இரவு 9.45

சீ.ஆர்.பி? எங்களிடம் கண்ணாடித் தட்டில் பார்க்கும் லேற்றெக்ஸ் மட்டும்தான். 'பொசிற்றிவ்' என்று வரும்.

இரணைமடு | 13.01.2025, இரவு 10.30

வெறும் 'பொசிற்றிவ்' இங்கே ஒன்றுக்கும் உதவாது, எல்லோருக்கும் பொசிற்றிவ்தான். வேண்டியது 48 மணியில் 150 மி.கி/லீக்கு மேலா என்பது. சில ஆய்வுகூடங்கள் மி.கி/டெ.லீயில் தரும், அப்போது எல்லை 15.

ஐ.எல்-6 (அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதம்) ஈரலைத் தூண்டி, ஈரல் சீ.ஆர்.பியைச் செய்து வெளிவிட ஒரு நாள் செல்கிறது. உச்சம் 36 முதல் 72 மணிக்குள். முதல் 24 மணியில் 20 வந்தால் நிம்மதிப்பட வேண்டாம். அதே நேரம் நோவு தொடங்கி ஆறு மணி என்று சொல்பவருக்கு 200 வந்தால் இரண்டில் ஒன்று: நோவு தொடங்கிய நேரம் பிழை, அல்லது பித்தக்குழாய்ச் சீழ், எலிக்காய்ச்சல் போல வேறொன்று உள்ளே இருக்கிறது.

நீங்கள் கேட்ட ஐ.எல்-6 சீ.ஆர்.பியைவிட ஒரு நாள் முந்தும், உண்மை. ஆனால் அதைச் செய்து அதே நாளில் முடிவு தரக்கூடிய இடத்துக்கு மாதிரி போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு நாள் கழிந்துவிடும்.

பாவற்குளம் | 14.01.2025, மதியம் 2.20

லேற்றெக்ஸை வைத்தும் ஓரளவு கணக்கிடலாம். பெரும்பாலான கிற்றுகள் 6 மி.கி/லீ முதல் திரளும். சீரத்தைச் சேலைனில் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டு போங்கள்: 1க்கு 2, 4, 8, 16, 32. கடைசியாகத் திரண்ட ஐதாக்கலை 6ஆல் பெருக்குங்கள். 16 வரை திரண்டால் 96, 32 வரை திரண்டால் 192. ஆக 32இல் திரள்கிறதா இல்லையா என்பதே உங்கள் கேள்வி. ஒரு தட்டில் எல்லா வட்டத்தையும் ஒன்றாகச் செய்து, 2 நிமிடம் மெதுவாகச் சுழற்றி உடனே வாசிக்க வேண்டும். காயவிட்டு வாசித்தால் எல்லாமே திரண்டதாகத் தெரியும். கிற் பெட்டித் தாளில் உணர்திறன் வேறாக இருந்தால் 6க்குப் பதில் அதைப் போடுங்கள்.

இன்னொன்று, ஐதாக்காத சீரத்தில் அளவு மிகக் கூடியிருந்தால் திரளாமலே போகலாம். நோயாளி மோசம், சீ.ஆர்.பி நெகற்றிவ் என்றால் ஐதாக்கிப் பார்க்காமல் ரிப்போட் கொடுக்க வேண்டாம்.

பாவற்குளம் | 14.01.2025, இரவு 8.00

கல்சியம் பற்றி யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். கொழுப்புத் திசு அழுகிச் சவர்க்காரமாகும்போது கல்சியத்தைப் பிடித்துவைக்கும், அதனால் 2.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவது கடுமையின் அடையாளம். ஆனால் அல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம்) இறங்கினாலும் மொத்தக் கல்சியம் இறங்கும். அல்புமின் 40இலிருந்து எத்தனை குறைகிறதோ அதை 0.02ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கல்சியம் 1.92, அல்புமின் 28 என்றால் 0.24 கூட்டி 2.16. பயமில்லை.

பயப்பட வேண்டாத இன்னொரு தாள்: கல்சியம் 1.1, பொற்றாசியம் 7.8, அல்கலைன் பொஸ்பற்றேஸ் அடிமட்டம். இப்படி மூன்றும் சேர்ந்து வந்தால் நோயாளியைப் பார்க்கப் போங்கள், நன்றாகக் கதைத்துக்கொண்டிருப்பார். ஊதா மூடி ரியூப் நிரம்பி வழிய, மிச்சத்தைச் சிவப்பு மூடிக்குள் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாவில் இருப்பது பொற்றாசியம் சேர்ந்த ஈ.டி.ரீ.ஏ. அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொற்றாசியத்தைக் கூட்டும். சிவப்பு முதலில், ஊதா பிறகு, சாம்பல் கடைசி. மூடியை மாற்றிப் போடுவதும் இதே விளைவுதான்.

வவுனிக்குளம் | 15.01.2025, காலை 6.20

கிரவல் றோட்டில மோட்டார் சைக்கிளில போற ரியூப்புகளைப் பற்றியும் சொல்லுங்கோ.

பாவற்குளம் | 15.01.2025, மதியம் 1.10

குலுங்கி வந்தால் சிவப்பணு உடையும். எல்.டி.எச், ஏ.எஸ்.ரீ (அணுக்களுக்குள் இருக்கும் நொதிகள்), பொற்றாசியம் மூன்றும் பொய்யாக ஏறும். அந்த எல்.டி.எச்சை வைத்துக் கிளாஸ்கோப் புள்ளி போடக்கூடாது. எடுத்ததும் அரை மணி நிற்கவைத்து உறையவிட்டு, சுற்றி, சீரத்தை மட்டும் வேறு ரியூப்பில் அனுப்பினால் எவ்வளவு குலுங்கினாலும் பரவாயில்லை. சுற்றாத இரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 வீதம் இறங்கும், வெள்ளணுக்கள் கூடியிருந்தால் இன்னும் வேகம். சீனிக்குச் சாம்பல் மூடி.

சீரம் பால்போல வெள்ளையாக வந்தால் அதை ஊற்றிவிட வேண்டாம்! முதல் மாதிரியிலேயே ட்ரைகிளிசரைட் செய்யுங்கள். 1000 மி.கி/டெ.லீக்கு மேலே என்றால் நோய்க்கான காரணமே அதுவாக இருக்கலாம், பட்டினி கிடந்தால் மறுநாளே இறங்கிவிடும், பிறகு கண்டுபிடிக்க முடியாது. பால் சீரத்தில் சோடியம் பொய்யாகக் குறையும், ஹீமோகுளோபின் பொய்யாக ஏறும். அமைலேஸை ஐதாக்கித் திரும்பப் பாருங்கள்.

முத்தையன்கட்டு | 16.01.2025, இரவு 9.05

பி.சீ.வி இறங்கவில்லை என்றால் இறங்கும்வரை சேலைனைத் தள்ளுவதா?

இரணைமடு | 16.01.2025, இரவு 10.00

தயவுசெய்து வேண்டாம். அப்படித்தான் பல வருடம் எழுதிவந்தார்கள். 2022இல் வெளியான வோட்டர்ஃபோல் ஆய்வு அதிகமாகக் கொடுப்பதையும் அளவாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டது: கிலோவுக்கு 20 மி.லீ ஒரேயடியாகவும் பிறகு மணிக்கு 3 மி.லீயும் ஒரு பக்கம்; நீரிழப்பு இருந்தால் மட்டும் 10 மி.லீயும் பிறகு மணிக்கு 1.5 மி.லீயும் மறுபக்கம். அதிகமாகக் கொடுத்த பக்கத்தில் 20.5 வீதமானவர்களுக்கு நீர் தேங்கியது, மற்றப் பக்கத்தில் 6.3 வீதம். நோயின் கடுமையும் குறையவில்லை. 249 பேரோடு ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

60 கிலோ ஆளுக்கு மணிக்கு 90 மி.லீ ஹாட்மன் (சேலைன் போன்ற உப்புக்கரைசல்). நீரிழப்பு இருந்தால் முதலில் 600 மி.லீ, 2 மணிக்குள். 12 மணியில் யூரியா, பி.சீ.வி, சிறுநீர் அளவு (கிலோவுக்கு மணிக்கு அரை மி.லீயாவது), ஒட்சிசன் வீதம் பார்த்து மாற்றுங்கள். நீர் கொடுத்தும் இரண்டும் இறங்காதவருக்குக் கசிவு நிற்கவில்லை. அவருக்கு இன்னொரு போத்தல் அல்ல, ஐ.சீ.யூ உள்ள இடம் வேண்டும்.

வவுனிக்குளம் | 17.01.2025, மாலை 5.15

அனுப்புற கடிதத்தில 'பி.சீ.வி 46' எண்டு மட்டும் எழுதினால் அங்க இருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் விளங்காது. நோவு தொடங்கின நேரம், ஒவ்வொரு பி.சீ.வியும் யூரியாவும் எடுத்த நேரம், எந்த முறை, அதுவரைக்கும் போன சேலைன் எவ்வளவு, போன சிறுநீர் எவ்வளவு. முதல் எடுத்த சீரத்தில மிச்சம் இருந்தால் அதையும் ஐஸ் பெட்டியில குடுத்துவிடுங்கோ.

முத்தையன்கட்டு | 18.01.2025, இரவு 8.30

புரோகல்சிற்றோனினுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியாக ஒன்றும்: அமைலேஸை எத்தனை நாளைக்கு ஒருக்கால் திரும்பப் பார்ப்பது?

இரணைமடு | 18.01.2025, இரவு 9.40

முதல் நாள் ஊகத்துக்குப் புரோகல்சிற்றோனின் கட்டாயம் இல்லை. அதன் இடம் அன்ரிபயோற்றிக் முடிவில். சதையி அழற்சியில் தொற்று இல்லாமலே காய்ச்சலும் வெள்ளணு ஏற்றமும் வரும், சீ.ஆர்.பியால் இரண்டையும் பிரிக்க முடியாது. மான்செஸ்டரில் நடந்து 2022இல் வெளியான புரோகாப் ஆய்வில் 1.0 நனோகிராம்/மி.லீக்குக் கீழே என்றால் அன்ரிபயோற்றிக் தொடங்காமலோ நிறுத்தியோ பார்த்தார்கள். மருந்துப் பாவனை குறைந்தது, நோயாளிகளுக்குக் கெடுதல் கூடவில்லை. இரண்டாம் கிழமையில் காய்ச்சல் திரும்பி ஆள் மோசமானால் அப்போது கேட்டு அனுப்புங்கள், ஸ்கானோடு சேர்த்து.

அமைலேஸைத் தினமும் பார்க்கத் தேவையில்லை. இறங்குவதை வைத்துச் சாப்பாடு தொடங்குவதும் இல்லை. பசிக்கிறது, சத்தி இல்லை, நோவு தாங்கும் என்றால் தொடங்கலாம். திரும்பப் பார்க்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு: வீட்டுக்குப் போனவர் சில கிழமை கழித்து மேல்வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிவிடுகிறது என்று வந்தால். அப்போதும் அமைலேஸ் ஏறியே நின்றால் போலி நீர்க்கட்டி இருக்கலாம், ஸ்கானுக்கு அனுப்புங்கள்.